இரண்டடித் துவக்கு

முதல் தடவை அதைக் கையில் வாங்கியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நல்லதொரு துவக்கின் முன்குழலையும் பின்கட்டையையும் யாரோ கோபத்தில் அறுத்துவிட்டு நடுத்துண்டை மட்டும் தந்ததுபோல இருந்தது. தோளில் அண்டக் கட்டை இல்லை. ஒற்றைக் கையால் நீட்டிப் பிடிக்கலாமென்றால் பாரம் விடாது. கீழே ஒரு பெரிய வளையம், அதுதான் லீவர். விரல்களை உள்ளே விட்டு முன்னால் தள்ளித் திரும்ப இழுத்தேன். கிளிக், கிளாக். அவ்வளவுதான். சட்டன் என்ற ஊரிலுள்ள கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணுக்கு முன்னால் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்து "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டே ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு, அந்தச் சத்தத்தில் விசர் பிடித்துவிட்டது.

லண்டனில் துவக்கா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். பிஸ்டல் இந்த நாட்டில் என்னைப் போன்றவர்களுக்குக் கிடையாது. ஆனால் குழல் முப்பது சென்ரிமீற்றருக்கும் முழு நீளம் அறுபதுக்கும் குறையாமல் இருந்தால், பொலிஸ் அனுமதிப் பத்திரம் எடுத்து, வீட்டில் இரும்புப் பெட்டி பூட்டி, ஒரு சுடும் கழகத்தில் சேர்ந்து, முறைப்படி வைத்துக்கொள்ளலாம். நான் சொல்லும் இந்தச் சாமானின் குழல் ஓரடி, மொத்த நீளம் இரண்டடி. இரண்டு கணக்கிலும் ஒரு நகக்கண் அளவு மீந்து நிற்கிறது. சட்டத்தின் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்துவிட்ட பிள்ளை அது. அதற்காகவே அதன்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் ஆசை.

நான் குடியிருக்கும் நோர்பரியில் மரக்கறி வாங்கும் கடையில் ஒரு அக்கா என் கையைப் பிடித்தே கேட்டுவிட்டார். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீர் இஞ்சை வந்து அதைத் தூக்கிறீரோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அக்கா, அது எங்களைப் பாத்து நீட்டின துவக்கு. இது கடதாசியைப் பாத்து நீட்டிறது" என்றேன். சொன்ன பிறகு வீடு வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அக்கா கேட்டதில் பிழையில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு நான் கழகத்தின் சுடும் ரேஞ்சுக்குப் போனேன். எங்களை நடுங்க வைத்த ஒன்றை, இந்த வயதில், என் கையால் நிதானமாகத் திறந்து மூடுவதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இருக்கிறது. அதை மறைத்துப் பேச எனக்கு வராது.

இந்த விசரை நான் டெக்சஸ் வரைக்கும் பரப்பினேன். என் அண்ணை அங்கேதான் இருக்கிறார். முப்பது வருடம் எண்ணெய்க் கம்பனியில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்று, நகரத்திலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் ஒரு பண்ணை வாங்கியவர். ஆடுகள், பற்றைக்காடு, பக்கத்து வீடென்று சொல்ல ஒன்றுமில்லை. வீடியோவில் நான் என் துவக்கைக் காட்டிய அன்று அவர் கமராவுக்குள் மூக்கை நுழைத்துவிடுவார் போலிருந்தது.

"தங்கச்சி, இதை இஞ்சை ஆக்கள் நாலு சில்லு மோட்டசைக்கிளிலை கொழுவிக்கொண்டு திரியிறவை. நான் விளையாட்டுச் சாமான் எண்டெல்லோ நினைச்சனான்."

அதற்குப் பிறகு எங்கள் தொலைபேசிப் பேச்சில் வேறு கதையே இல்லை. நெடுந்துவக்கை ட்ரக்டருக்குள் வைத்தால் இறங்கும்போது கதவில் மாட்டும், முட்பற்றைக்குள் குனிந்து போனால் கொப்பில் மாட்டும், வேலி திருத்தக் கை இரண்டும் வேண்டுமென்றால் எங்கே சாத்துவது? இது தொடையோடு தொங்கும். ரிவால்வருக்குப் போடும் அதே ரவை, பக்கவாட்டுத் துளையால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ள ஆறு கொள்ளும். காலடியில் கிலுகிலுப்பைப் பாம்பு, பட்டியோரம் காட்டுப்பன்றி, ஆட்டைத் தேடி வரும் கொயோட்டி என்கிற நரிச் சாதி, எல்லாமே இருபது மீற்றருக்கு உள்ளே நடக்கிற விவகாரம். அதற்கு எதற்கு நீளம்? நான் இங்கே பேருந்து நிறுத்தத்தில் நின்று இதையெல்லாம் உரத்த குரலில் பேசுவேன். தமிழ் தெரியாத சனம் நான் ஏதோ கலியாண விசயம் கதைக்கிறேன் என்று நினைத்திருக்கும்.

பிறகு அண்ணைக்குத் தோளில் சத்திரசிகிச்சை நடந்தது. வலது தோள். ஒரு கிழமை ஆஸ்பத்திரி, பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. நெடுந்துவக்கைத் தோளில் வைத்து ஒன்று சுட்டால் பின்னுக்கு இடிக்கிற இடியில் இரவெல்லாம் நித்திரையில்லை என்றார். அந்த நேரத்தில்தான் மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி (அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்), பண்ணையை விற்றுவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வாங்குவதற்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் தயாராக இருந்தார். அண்ணைக்கு அந்தப் பண்ணைதான் உயிர். விற்றால் மனிசன் ஒரு அடுக்குமாடியில் தொலைக்காட்சியைப் பார்த்தபடி சுருங்கிப்போவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மச்சாளோடு நான் இது பற்றித் தொலைபேசியில் சண்டை பிடித்தேன். "தோள் ஏலாத மனிசனை வைச்சுக்கொண்டு அந்தக் காட்டிலை என்ன செய்யிறது, சொல்லுங்கோ" என்பார். பதில் சொன்னால், "உங்களுக்கு நோர்பரியிலை இருந்துகொண்டு கதைக்கிறது சுகம்" என்று வைத்துவிடுவார்.

நவராத்திரிக்கு இரண்டு பேரும் லண்டன் வந்தார்கள். வந்த மறுநாளே அண்ணை என் சாப்பாட்டு மேசையில் விசயத்தைப் போட்டார். தோளில் இடிக்காத துவக்கு ஒன்று இருந்தால் பண்ணையை வைத்திருக்கலாம்தானே? இந்தக் கட்டைத் துவக்கைத் தோளில் வைக்கவே தேவையில்லைதானே?

மச்சாள் தேநீரைக் கீழே வைத்தார். மெலிந்த, கட்டையான மனிசி, என் காதுவரைக்கும்தான் வருவார். குரல் மட்டும் கூரையைத் தொடும்.

"சரி. தங்கச்சியின்ர கழகத்திலை போய்ச் சுடுங்கோ. ஆறிலை நாலு கடதாசியிலை பட்டால் நான் இனி வாய் திறக்கமாட்டன். படாட்டி, திரும்பிப் போன உடனை விக்கிறது. சம்மதமோ?"

"ஓம், சம்மதம்" என்றார் அண்ணை. அவருக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. எனக்கும்தான்.

கழகத்தில் விருந்தினர் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு விசயதசமி! அண்ணை துள்ளிக் குதிக்காத குறை. புதிதாக எதையும் தொடங்க அதைவிட நல்ல நாள் உண்டா? விருந்தினர் பெயர்களை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அண்ணையின் பெயரோடு, எதற்கும் இருக்கட்டும் என்று மச்சாளின் பெயரையும் கொடுத்தேன். அவர் உதட்டைச் சுழித்தாலும் மறுக்கவில்லை.

முதல்நாள் ஆயுதபூசை. எங்கள் வீட்டில் அன்றைக்குப் புத்தகங்கள், என் கண் பரிசோதிக்கும் விளக்கு, கணவரின் துளைபோடும் மெசின், சமையலறைக் கத்தி எல்லாம் சுவாமிப் படத்துக்கு முன்னால் போகும். அண்ணை என் முகத்தைப் பார்த்தார். நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். ஆயுதபூசை என்று பெயரை வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள ஒரேயொரு ஆயுதத்தை இரும்புப் பெட்டிக்குள் விடுவதா? வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்து, எடுத்து, அடுப்படியிலிருந்து என் கண்ணுக்குத் தெரியும்படி, சரசுவதிக்கு முன்னால் வைத்தேன். அண்ணை சந்தனம் குழைத்தார். கட்டையில் ஒரு பொட்டு, குழலில் ஒரு பொட்டு, மேலே குங்குமம். நான் பொங்கலைக் கிளறியபடி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசை முடிந்ததும் வெளியே தெரிந்த சந்தனத்தைத் துடைத்துத் துவக்கைப் பெட்டிக்குள் பூட்டினேன்.

காலையில் உறைக்குள் வைக்கும்போது அண்ணை மறுபடி வந்துவிட்டார். "போற பயணம் நல்லாய் அமையவேணும். ஒரே ஒரு பொட்டு." மனிசன் விரலில் எடுத்த சந்தனத்தைப் பார்த்தால் ஒரு கலியாண வீட்டுக்குக் காணும். எங்கே வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, மச்சாள் காருக்குள் இருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

ரேஞ்ச் சட்டனையும் தாண்டி, மரங்கள் அடர்ந்த ஒரு மேட்டின் பின்னால் இருக்கிறது. அன்றைய பொறுப்பாளர் உயரமான ஒரு ஆங்கிலேயர், முன்னர் தபால்காரராக இருந்தவர். காது மூடி, கண்ணாடி, எந்தப் பக்கம் நீட்டலாம், எப்போது தொடக்கூடாது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். பத்து மீற்றர் தூரத்தில் கடதாசி. அண்ணை ஆறு ரவையையும் உள்ளே தள்ளினார். நான் காட்டிக் கொடுத்தபடி இடது கையை முன்கட்டையில் வைத்து, வலது கையைப் பின்னால் பிடித்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக இழுத்து, கண் மட்டத்துக்கு உயர்த்தினார். மச்சாள் பின்னால் கைகட்டி நின்றார்.

விசையை இழுத்தார். டொக்.

வேறொன்றுமில்லை. பொறுப்பாளர் கையை உயர்த்தி, அப்படியே கடதாசியை நோக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னார். பிறகு வாங்கி, ரவைகளை எடுத்து, பின்பக்கத்தைத் தன் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். ரவையின் பின்னால் அடிக்கிற சிறிய சுத்தியல் ஒன்று உண்டு. அது வந்து விழுகிற இடுக்குக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து கட்டியாக இருந்தது. குறிபார்க்கும் வெட்டுக்குள்ளும் அதேதான், மேலே சிவப்பாக ஒரு படை.

"துருவா இது?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லை. ஆசீர்வாதம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் என்னையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. ஆசீர்வாதத்தை முழுதாக எடுத்த பிறகு தொடரலாம் என்றார். பின்னால் மச்சாள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவர் முதல் நினைச்சது சரிதான், விளையாட்டுச் சாமானேதான்!" அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே அவருடைய சந்தனக் கிண்ணத்தை உடைத்திருப்பேன், அது நோர்பரியில் இருந்தது.

பக்கத்து அறையில் துப்புரவு செய்யும் மேசை இருக்கிறது. நான் சின்னத் தூரிகையை எடுத்து அவசர அவசரமாகக் கிண்டினேன். சந்தனம் இன்னும் உள்ளுக்குத்தான் போனது. மச்சாளுக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்கோ இஞ்சாலை. குத்துவிளக்கிலை எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிறமாதிரி எடுக்கவேணும். உப்பிடி இடிச்சால் வராது."

தன் கைப்பையிலிருந்து பல்லுக்குச்சியும் பஞ்சும் எடுத்தார். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஊறவிட்டார். லீவரை எப்படித் திறப்பது என்று கேட்டார். காட்டினேன். ஒரு தரம் மெதுவாகத் திறந்து மூடினார். பிறகு பல்லுக்குச்சியை விட்டு நெம்பி, திறந்து, துடைத்து, மூடி, மறுபடி திறந்தார். கிளிக், கிளாக். கடைசியில் துடைக்க ஒன்றுமே இல்லாதபோதும் இரண்டு மூன்று தரம் திறந்து மூடியதை நான் பார்த்தேன். வேலையில் சுத்தம் பார்க்கிற மனிசி என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணை மறுபடி போய் நின்றார். இந்த முறை வெடித்தது. அப்பா, என்ன சத்தம்! ஆனால் கடதாசி அசையவில்லை. இரண்டாவது, மண்மேட்டில் புழுதி. மூன்றாவதுக்கு லீவரை இழுக்கும்போதே அவர் முகம் சுருங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோளில் இடிக்காதுதான். ஆனால் இரண்டு கிலோவுக்கும் மேற்பட்ட இரும்பை, அண்டக் கட்டை இல்லாமல், கையை நீட்டி அந்தரத்தில் தாங்குவது எது? அதே தோள்தானே! பேருந்து நிறுத்தத்தில் நின்று மணிக்கணக்காக அளந்த நான் இதை ஒருதரமும் யோசிக்கவில்லை. நல்ல தோள் உள்ளவருக்கே இதால் குறிபார்க்கப் பழக்கம் வேண்டும். ஆறும் முடிந்தபோது கடதாசியின் மூலையில் ஒரேயொரு ஓட்டை.

அண்ணை துவக்கை மேசையில் வைத்தார். "சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்குப்போலை" என்றார். அவர் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு திரும்பி மச்சாளைப் பார்த்து, "சரி, விப்பம்" என்றார். மனிசன் தன் ஆடுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்.

மச்சாள் வெற்றி பெற்ற முகத்தோடு நிற்பார் என்று திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சாள், எனக்கு ஒருக்காத் தாங்கோவன்" என்று என்னிடம் கேட்டார்.

பொறுப்பாளர் தலையசைத்தார். மச்சாள் ரவைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். உயர்த்தினார். நெடுந்துவக்கென்றால் அவருடைய குட்டைக் கை பாதிவரைக்கும்தான் போயிருக்கும். இது அவருக்கென்றே வெட்டியதுபோல நெஞ்சுக்கு முன்னால் அடங்கி நின்றது. முதல் வெடி மேலே போனது. லீவரைப் பார்க்காமலே திறந்து மூடினார், மேசையில் செய்தாரே, அதேபோல. இரண்டாவது கடதாசியில். மூன்றாவது கடதாசியில். நான் என்னையறியாமல் "ஐயோ!" என்று கத்தினேன். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. ஐந்து ஓட்டைகள், ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கும். நான் குதித்தேன் என்று அண்ணை பிறகு சொன்னார். குதித்திருப்பேன்.

மச்சாள் துவக்கை மெதுவாக வைத்துவிட்டுக் காது மூடியைக் கழற்றினார். அவர் கன்னம் நனைந்திருந்தது.

"என்னப்பா, நீர் எப்ப பழகினீர்?" என்று அண்ணை கேட்டார்.

"நான் எங்கை பழகினது. நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடந்த கிழமை ரெண்டு ஆடு போச்செண்டு சொன்னனானெல்லோ."

"ஓம், கொயோட்டி கொண்டுபோனதெண்டு."

"பொழுதுபடேக்கை வந்ததுகள். நான் உங்கட நெடுந்துவக்கைத் தூக்கினனான். பாரம். கதவாலை திருப்பி எடுக்க ஏலேல்லை. கை எட்டேல்லை. எனக்கு ஊரிலை கேட்ட சத்தமெல்லாம் ஞாபகம் வந்திட்டுது. அதைப் போட்டிட்டு உள்ளுக்கு வந்து கதவைப் பூட்டினனான்." கழற்றிய காது மூடியை மேசையில் வைத்தார். "நான் போத்தில்பால் குடுத்து வளத்த குட்டி கதவடிக்கு வந்து கத்தினது. எனக்கு அதின்ர குரல் தெரியும். நான் திறக்கேல்லை."

மாதக்கணக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரு தோளைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம். தொலைபேசியில் அத்தனை சண்டை பிடித்தேன், அந்தக் காட்டுக்குள் ஒரு கிழமை தனியாக எப்படி இருந்தீர்கள் என்று மச்சாளிடம் ஒருதரம் கேட்கவில்லை.

"விக்கச் சொன்னது உங்கட தோளுக்காக இல்லை" என்றார் மச்சாள். "அந்தக் கதவுக்குப் பின்னாலை இன்னொருக்கா நிண்டு கேக்க என்னாலை ஏலாது."

அண்ணை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுடும் கோட்டை விட்டு விலகி, மச்சாள் கைகட்டி நின்ற இடத்தில், பின்னால் போய் நின்றார்.

மச்சாள் புறங்கையால் கன்னத்தைத் துடைத்துவிட்டுக் காது மூடியை எடுத்து மாட்டினார். என் பக்கம் கையை நீட்டினார்.

"மச்சாள், இன்னும் ரவை இருக்கோ?"